நொச்சியும் விக்கெட்டும்: சையத் கிர்மானியை முன்வைத்து

கோட்டையை வளைத்துக்கொள்வோன் உழிஞை சூடுவான். உள்ளிருந்து மதிலைக் காப்போன் நொச்சி சூடுவான். தொல்காப்பியர் இவ்விரண்டையும் உழிஞைத் திணைக்குள்ளேயே அடக்கிக் கூற, பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்து வைத்தது. சென்ற பருவத்தில் இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது, சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனின் கிடங்கில் நம் திண்டிவனத்தை ஒட்டிய ஊர்தான் என்று சொல்லி, மதில் காத்தல் என்பது எத்தகைய வீரம் என விளக்க முற்பட்டேன். முன்னேறித் தாக்குவோன் புகழ் பெறுவான். காப்போனோ மதில் வீழ்ந்தால் மட்டுமே பேசப்படுவான் என்றேன். பின் இருக்கையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, அப்படியானால் நொச்சி என்பது விக்கெட் கீப்பர் மாதிரியா?" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு பொருத்தமான உவமை உரையாசிரியர்களுக்கும் வாய்த்திருக்காது.

தமிழ்த்துறை மலரில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் கருதக்கூடும். அம்மாணவரின் வினாவுக்கு அன்று வகுப்பில் விடை சொல்ல நேரம் போதவில்லை. அதனையே இங்கு எழுதுகின்றேன்.

முதலில் சொல் பற்றி ஒரு சொல். இலங்கைத் தமிழர் இவ்விளையாட்டைத் துடுப்பாட்டம் என்பர். நம் நாளேடுகள் மட்டைப்பந்து என்று எழுதிப் பார்த்துக் கைவிட்டன. விக்கெட் கீப்பரை விக்கெட் காப்பாளர் என எழுதும் வழக்கம் ஓரளவு நிலைத்துவிட்டது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெருப்பிள்ளைகளுக்கு அவர் வெறும் 'கீப்பர்'தான். வானொலியில் தமிழில் கிரிக்கெட் வருணனை செய்து நம் வீடுகளுக்குள் அவ்விளையாட்டைக் கொணர்ந்தவர்களுள் ஒருவரான சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்கள் 2020இல் மறைந்தார். கண்ணால் காணாத ஆட்டத்தைக் காதுக்குத் தமிழால் காட்டியவர்களின் பணியை நம் மொழி வரலாற்றார் இன்னும் உரியவாறு எழுதவில்லை என்பது என் மனக்குறை.

காப்பாளர் என்னும் இப்பணி கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலிலும் மட்டையாளருக்குப் பின்னே குந்தியமர்ந்து பந்தைப் பிடிப்பவர் ஒருவர் உண்டு. அவரைக் கேட்சர் என்பர். முகத்தில் கம்பிக் கவசம், மார்பில் மெத்தைக் கவசம், ஒரு கையில் மட்டும் தடித்த தோலுறை. எறிபவர் எவ்வகைப் பந்தை எறிய வேண்டும் என்பதனைத் தொடைகளுக்கிடையே விரல்களால் காட்டும் சைகையால் அவரே அறிவிக்கும் மரபு நெடுநாளையது. நெதர்லாந்தில் 1922 முதலும் இத்தாலியில் 1948 முதலும் இவ்விளையாட்டுக்கு உள்நாட்டுத் தொடர்கள் நடந்து வருகின்றன. கால்பந்தே உயிரெனக் கருதும் அந்நாடுகளில் பேஸ்பால் ஆடுவோரை ஊரார் பெரிதாக அறியார். அத்தகைய தொடரில் கேட்சராக இருப்பவர், புறக்கணிக்கப்பட்ட விளையாட்டில் புறக்கணிக்கப்பட்ட இடத்தில் நிற்பவர் எனலாம்.

நம் கிரிக்கெட் காப்பாளரின் நிலை இதனினும் கடுமையானது. கேட்சர் ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ நூற்றைம்பது பந்துகளுக்குக் குந்தினால் போதும். டெஸ்ட் ஆட்டத்தின் ஒரு நாளில் 90 ஓவர்கள். அதாவது 540 பந்துகள். ஒவ்வொன்றுக்கும் குந்தி எழுதல் வேண்டும். சுழற்பந்து வீச்சுக்கு ஸ்டம்புகளை ஒட்டி நிற்கையில், பந்து மட்டையைக் கடந்து கையுறையை அடையப் பத்தில் ஒரு பங்கு நொடிகூட ஆவதில்லை. மட்டையாளரின் உடல் பந்தை மறைக்கும்; பந்து விழுந்த இடத்தில் மண் பெயர்ந்திருக்கும். மட்டையாளர் கோட்டைத் தாண்டிக் கால் வைத்த அந்தக் கணத்தில் பந்தையும் பிடித்து ஸ்டம்பையும் தட்ட வேண்டும். பந்தைக் கண்ட பின் கையை நகர்த்துவோர்க்கு இது இயலாது. வீசுபவரின் விரலைப் படிக்கத் தெரிந்தோர்க்கே இயலும்.

இன்னொன்று உண்டு. காப்பாளரையும் மட்டையையும் தாண்டிப் பந்து சென்று ஓட்டங்கள் சேர்ந்தால், அவை 'பை' எனத் தனியே எழுதப்படும். மட்டையாளருக்கும் அதில் பெருமையில்லை. வீசியவர் கணக்கிலும் அது ஏறாது. காப்பாளரின் பிழையைக் குறித்து வைப்பதற்கென்றே ஒரு தனி வரி! அவருடைய திறமைக்கு அத்தகைய வரி கிடையாது. பிழையில்லாத நாளில் அவ்விடத்தில் ஒரு சுழி இருக்கும், அவ்வளவே.

அந்தச் சுழியைப் பெரும்புகழாக்கியவர் சையத் முஜ்தபா உசேன் கிர்மானி. 1949ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். ஆடி வளர்ந்தது கர்நாடகத்துக்காக. இங்கிலாந்து அணி 1981-82இல் இந்தியா வந்தபோது, அடுத்தடுத்து மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் எதிரணியார் 1964 ஓட்டங்கள் குவிக்க, கிர்மானி ஒரு 'பை' கூட விடவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு ஓட்டங்கள்! அத்தனை நேரம் களத்தில் நின்றவர் கவனம் ஒருமுறையேனும் சிதறியிருக்கக் கூடாதா என்று வியப்பாக உள்ளது. தொழுகையில் நிற்கும்போதே நம் மனம் கடைவீதிக்குப் போய் வருகிறதே என என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சொன்னார்.

ஓர் அணியில் மட்டையாளர் அறுவர் இருப்பர். வீசுவோர் நால்வர், ஐவர் இருப்பர். காப்பாளர் ஒருவரே. அவ்விடம் காலியாகும் வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். 1971இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் இளைஞர் கிர்மானி இருந்தார்; ஆயினும் பாரூக் இஞ்சினியர் என்னும் புகழ்மிக்க காப்பாளர் முன்னே இருந்தமையால் களம் காணவில்லை. 1974இலும் அதே நிலை. 1975ஆம் ஆண்டின் முதல் உலகக் கோப்பைக்கும் சென்றார், அப்போதும் இஞ்சினியரே. முதல் டெஸ்ட் 1976 ஜனவரியில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில்தான் கிடைத்தது. ஐந்தாண்டுக் காலம் பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு தன் கைகளைப் பதத்தில் வைத்திருப்பது எளிய செயலன்று. வாய்ப்பு வந்ததும் அடுத்த டெஸ்டிலேயே கிறைஸ்ட்சர்ச்சில் ஒரே இன்னிங்சில் அறுவரை வீழ்த்தி அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார்.

அவருக்கு வாய்த்த பயிற்சியும் சாதாரணமானதன்று. கர்நாடக அணியில் பிரசன்னாவும் சந்திரசேகரும் வீசினர். சந்திரசேகர் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்துபோன வலக்கையைக் கொண்டே வேகமான சுழற்பந்தை வீசி 242 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தவர். அவர் பந்து எப்பக்கம் திரும்பும் என்பது மட்டையாளருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆள் காப்பாளர். இந்திய அணியில் இவர்களோடு பேடியும் நம் வெங்கட்ராகவனும் சேர்ந்தனர். நால்வரும் நான்கு விதம். 1978இல் கபில்தேவ் வந்தபின் ஸ்டம்பை ஒட்டி நின்ற கால்கள் பின்னே சென்று, பக்கவாட்டில் பாயவும் பழக வேண்டியதாயிற்று. சுழற்பந்துக்கும் வேகப்பந்துக்கும் ஒருசேர ஈடுகொடுத்தமையே கிர்மானியை ஏனையோரினின்றும் வேறுபடுத்துவது என்பது என் கருத்து.

இங்கே நம்மவர்க்குச் சற்றுச் சங்கடமான ஒரு செய்தி வருகிறது. 1979இல் இரண்டாம் உலகக் கோப்பைக்கும் இங்கிலாந்துப் பயணத்துக்கும் அணி அறிவிக்கப்பட்டபோது கிர்மானியின் பெயர் இல்லை. டெஸ்ட் தொடரில் அவ்விடத்தில் இருந்தவர் தமிழ்நாட்டின் பரத் ரெட்டி. தலைமையும் கவாஸ்கரிடமிருந்து தமிழ்நாட்டு வெங்கட்ராகவனுக்கு வந்திருந்தது. கிர்மானி விலக்கப்பட்டதற்குக் காரணம் பலவாறாகப் பேசப்பட்டது. நம் மாநிலத்தவர் மகிழ்ந்தனர், மகிழ்ந்ததில் பிழையுமில்லை. பரத் ரெட்டியும் சென்னையில் பிறந்தவரே. கிர்மானியும் சென்னையில் பிறந்தவரே. இருவரில் யார் 'நம்மவர்' என்று கேட்டால் என்ன விடை சொல்வது? பிறந்த மண்ணைச் சொல்வதா, ஆடிய மாநிலத்தைச் சொல்வதா? எங்கள் அத்தாவிடம் சிறுவயதில் இதைக் கேட்டிருக்கிறேன். "பந்தை விடாதவன் நம்ம ஆளு" என்று முடித்துவிட்டார்.

அந்த உலகக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அன்று டெஸ்ட் தகுதி பெறாத இலங்கையிடமும் தோற்றது. டெஸ்ட் தொடரில் பரத் ரெட்டி நான்கு ஆட்டங்களிலும் காப்பாளராக நின்றார். ஓவல் மைதானத்தில் 438 என்னும் இலக்கை நோக்கிச் சென்ற இந்தியா, கவாஸ்கரின் 221 ஓட்டங்களோடு 429 வரை வந்து, ஒன்பது ஓட்டங்கள் குறையாக ஆட்டம் முடிவின்றி நின்றது. கடைசிப் பந்து வீசப்பட்டபோது களத்தில் மட்டையோடு நின்ற இருவரில் ஒருவர் பரத் ரெட்டி. அதன்பின் அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு வரவேயில்லை. நான்கே டெஸ்ட். பின்னாளில் சென்னையில் இளையோரை உருவாக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். கிர்மானியைப் பாராட்டுவோர் இவரை மறந்துவிடுவது முறையன்று. ஓரிடத்துக்கு இருவர் தகுதியுடையவராக இருந்தனர் என்பதே உண்மை.

அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியா பம்பாயில் ஆடியபோது கிர்மானி மீண்டும் அணியில் இருந்தார். மாலையில் விக்கெட் விழுந்தால் நல்ல மட்டையாளரைக் காப்பதற்காகப் பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவரை முன்னே அனுப்புவர். 'இரவுக் காவலர்' என அவரைச் சொல்லலாம். அவ்வாறு அனுப்பப்பட்ட கிர்மானி மறுநாளும் அசையாமல் நின்று 101 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். காவலுக்கு வந்தவர் நூறு அடித்தது டெஸ்ட் வரலாற்றில் அது மூன்றாவது முறை. விலக்கியவர்க்கு அவர் சொன்ன விடை அதுவாகவே எனக்குத் தோன்றுகிறது.

1983ஆம் ஆண்டு உலகக் கோப்பை பற்றி அறியாதார் இலர். ஜூன் 18ஆம் நாள் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் சிற்றூரில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்ததும், கபில்தேவ் 175 அடித்ததும் பாட்டி கதைபோல் சொல்லப்படுவன. அவ்வாட்டத்துக்குப் படப்பதிவு இல்லை; ஆகவே கதையாகவே வாழ்கிறது. 140 ஓட்டங்களுக்கு எட்டாவது விக்கெட் வீழ்ந்தபோது கபிலோடு சேர்ந்தவர் கிர்மானி. பிரியாத ஒன்பதாம் விக்கெட் இணை 126 ஓட்டங்கள் சேர்த்தது. அதில் கிர்மானியின் பங்கு 24. ஆட்டமிழக்கவில்லை. எண்ணிக்கையால் சிறியது, ஆனால் மறுமுனையில் அவர் வீழ்ந்திருந்தால் அந்த 175 எங்கே? அவ்விணையின் எண்ணிக்கை ஒருநாள் ஆட்டங்களில் ஒன்பதாம் விக்கெட்டுக்கான உலக சாதனையாக 2010 வரை நின்றது. இலங்கையின் மாத்யூசும் மலிங்காவும் மெல்போர்னில் அதை முறியடித்தனர்.

லார்ட்ஸ் இறுதியாட்டத்தில் 183 ஓட்டங்களையே எடுத்த இந்தியா மேற்கிந்தியரை 140இல் சுருட்டியது. விவியன் ரிச்சர்ட்சின் பந்தைப் பின்னோக்கி ஓடிப் பிடித்த கபிலின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பல்விந்தர் சாந்து வீசிய பந்தில் பாக்கஸ் மட்டையில் பட்டுச் சென்றதை வலப்புறம் பாய்ந்து முதல் ஸ்லிப்புக்கு முன்னே பிடித்த கிர்மானியை எத்தனை பேர் நினைவில் வைத்துள்ளோம்? அத்தொடரின் சிறந்த விக்கெட் காப்பாளர் என்னும் பரிசு அவருக்கே வந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் மேற்கிந்தியர் சேப்பாக்கத்தில் ஆடினர். எங்கள் அத்தா நண்பர் இருவரோடு விழுப்புரத்திலிருந்து மீட்டர்கேஜ் ரயிலேறி எழும்பூர் சென்று கடைசி நாள் ஆட்டத்தைக் கண்டு வந்தவர். அன்று கவாஸ்கர் 236 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். அது அவரது முப்பதாவது சதம், பிராட்மனைக் கடந்த சதம். மைதானம் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுமுனையில் நின்று ஒன்பதாம் விக்கெட்டுக்குப் பிரியாமல் 143 ஓட்டங்கள் சேர்க்கத் துணையானவர் கிர்மானி. 63 ஓட்டங்கள், ஆட்டமிழக்கவில்லை. அந்நாள் டிசம்பர் 29. தாம் பிறந்த நகரில் தம் முப்பத்து நான்காவது பிறந்தநாளில் அவர் நின்ற நிலையை அத்தா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறந்தநாள் என்பது அத்தாவுக்கு அன்று தெரியாது. நான் பின்னாளில் படித்துச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதோடு கிர்மானியின் டெஸ்ட் வாழ்வு நிறைவுற்றது. 88 ஆட்டங்கள், 160 கேட்சுகள், 38 ஸ்டம்பிங்குகள், 2759 ஓட்டங்கள், இரண்டு சதங்கள். காப்பாளராக அவர் வீழ்த்திய 198 என்னும் எண்ணிக்கையை இந்தியர் வேறு யாரும் நெருங்காமல் இருந்து, தோனி வந்த பின்னரே முறிந்தது. 1982இல் பத்மஸ்ரீ; 2015இல் கிரிக்கெட் வாரியத்தின் சி.கே.நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருது.

தோனி என்றதும் தினேஷ் கார்த்திக்கைச் சொல்லாமல் இருக்க இயலாது. சென்னையில் 1985இல் பிறந்த கார்த்திக் 2004 செப்டம்பரில் லார்ட்சில் அறிமுகமானார். மைக்கேல் வாகனைப் பாய்ந்து ஸ்டம்பிங் செய்தார். அதே டிசம்பரில் தோனி வந்தார். அவ்வளவுதான், இடம் ஒன்றுதானே! 2010 ஜனவரிக்கும் 2018 ஜூனுக்கும் இடையே கார்த்திக் ஆடாமல் கடந்த டெஸ்ட் ஆட்டங்கள் 87. ஆயினும் கையுறையைக் கழற்றி வைத்து மட்டையாளராகவும் நின்று பார்த்தார். 2018 மார்ச்சில் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிரான இறுதியாட்டத்தில் எட்டே பந்துகளில் 29 ஓட்டங்கள் எடுத்து, கடைசிப் பந்தைச் சிக்சருக்கு அனுப்பி வென்றார்.

இவற்றையெல்லாம் எழுதக் காரணம் மாணவரின் வினா மட்டுமன்று. என் தமையனாரும் ஒரு காப்பாளர். தண்ணீர் வற்றிய ஏரியில் களிமண் வெடித்துக் கிடக்க, டென்னிஸ் பந்தைக் கொண்டு ஆடிய நாள்களில் அவர் கையுறை இன்றியே நிற்பார். பின்னர்ப் பழைய கையுறை ஒன்று கிடைத்தது. உள்ளே பஞ்சு போனதால் அம்மா துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தேர்வு ஆட்டத்துக்கு விழுப்புரம் சென்றார். ரயில்வே குடியிருப்பை ஒட்டிய திடலில் காலை முதல் மாலை வரை நின்றார். நானும் உடன் சென்றிருந்தேன். ஒரு பந்தும் விடவில்லை. மாலையில் பட்டியலில் வேறொரு பையனின் பெயர் இருந்தது. அந்தப் பையனும் நன்றாகத்தான் பிடித்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். "ஒரு இடம்தான் இருக்கு தம்பி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் பொறுப்பாளர். அடுத்த ஆண்டு அண்ணனுக்கு வயது கடந்துவிட்டது.

பேருந்தில் திண்டிவனம் திரும்பும்வரை நாங்கள் பேசவில்லை. வீட்டில் அத்தா, கிர்மானி ஐந்து வருடம் இஞ்சினியருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். அண்ணன், "அவருக்கு உட்கார இடமாவது இருந்துச்சு அத்தா" என்றார். அத்தா மறுமொழி சொல்லவில்லை.

இப்போது அண்ணன் பழ மண்டி வைத்திருக்கிறார். கோடை தொடங்கியதும் நம் பகுதித் தர்ப்பூசணி லாரி லாரியாக இறங்கும். லாரியின் மேல் நிற்பவர் பழத்தை வீசுவார்; கீழே வரிசையாக நிற்போர் கைமாற்றி அனுப்புவர்; கடைசியில் நின்று பிடித்து அடுக்குபவர் என் அண்ணன்தான், ஐம்பதை நெருங்கும் வயதிலும். பழம் வரும்போது கைகள் சற்றுப் பின்னே போகும். வேகத்தை வாங்கிக்கொண்டு மார்போடு நிற்கும். சென்ற ஏப்ரலில் அந்த மாணவரை அங்கே அழைத்துச் சென்று அரை மணி நேரம் நிற்க வைத்தேன். ஒரு பழமும் உடையவில்லை. மாணவர் எண்ணிக்கொண்டே இருந்தார், முந்நூறு தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு, "ஐயா, நானும் கொஞ்ச நேரம் பிடிக்கட்டுமா?" என்று கேட்டார். அண்ணன் தன் இடத்திலிருந்து விலகி நின்றார்.